ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு கிலோ

தங்கச் சுரங்கத்தை மூடிய வருஷம். சாம்பியன் ரீப்ஸ் தொழிலாளர் லைன் வீடுகளில் பாதி அடுப்பு ஒருவேளைதான் எரிந்தது. சௌந்தரத்துக்கு அப்போது இருபது வயது. அப்பாவுக்கு ஷிப்டு இல்லை, சம்பளம் இல்லை. அம்மா ஒரு பெரிய லிட்டர் பாட்டிலைக் கையில் கொடுத்து, ஆண்டர்சன்பேட்டை ராஜேந்திரன் எண்ணெய்க் கடையில் நூறு மில்லி கடலை எண்ணெய் வாங்கி வரச் சொன்னாள். சின்ன பாட்டில் வீட்டில் இல்லை.

கடையில் நல்ல கூட்டம். எல்லாம் தெரிந்த முகங்கள், பக்கத்து லைன்காரர்கள். அவ்வளவு பெரிய பாட்டிலை நீட்டி நூறு மில்லி என்று எப்படிச் சொல்வது? எல்லாரும் போகட்டும் என்று சௌந்தரம் தூணோரம் ஒதுங்கி நின்றாள். கூட்டம் குறைந்தபாடில்லை.

அளந்து ஊற்றுகிற ஆள் அவளைக் கவனித்துவிட்டார்.

"இன்னாமா வேணும்?"

நூறு மில்லி என்று அவள் உதட்டை மட்டும் அசைத்தாள். சத்தம் வரவில்லை. அவர் மறுபடி கேட்கவில்லை. பாட்டிலை வாங்கிக்கொண்டு கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று ஊற்றினார். பழைய செய்தித்தாளை எடுத்துக் கழுத்துவரை சுற்றி நூல் கட்டினார். பிறகு நிறைந்த குடத்தைத் தூக்குகிறவர் மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்து, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

"ஜாக்கிரதையா புடிம்மா, வெயிட்டா இருக்குது."

வீட்டுக்கு வந்து காகிதத்தைப் பிரித்தபோது எண்ணெய் பாட்டிலின் அடியில் ஒரு விரல் உயரம்தான் இருந்தது. அம்மா சிரித்தாள், பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அதற்கப்புறம் எத்தனை முறை போனாலும் அந்தக் காகிதம் தப்பவில்லை.

அந்த ஆள்தான் சம்பங்கி. இரண்டு வருஷம் கழித்து மாரியம்மன் சாட்சியாக அவள் கழுத்தில் தாலி கட்டினார். ஏன் அப்படிக் காகிதம் சுற்றினீர்கள் என்று கல்யாணத்துக்குப் பிறகு கேட்டபோது, "எண்ண பாட்டிலு வழுக்கும்மே, அதான்" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

சம்பங்கிக்குப் படிப்பு நாலாவதோடு சரி. ஆனால் லிட்டரும் கிலோவும் அவர் கைக்குள் இருந்தன. கடைக்குச் சரக்கு வருவது டின்னில், பதினைந்து கிலோ. விற்பது லிட்டரில். பதினைந்து கிலோ டின்னில் கடலை எண்ணெய் பதினாறரை லிட்டர் வரும், கூடவோ குறையவோ வந்தால் கலப்படம் என்பார். எண்ணெய் எல்லாம் எடைக்கு இளைத்தது, லிட்டருக்குத் தொள்ளாயிரத்துப் பத்து கிராம்தான். விளக்கெண்ணெய் மட்டும் கொஞ்சம் கொழுத்தது. அளவையிலிருந்து ஊற்றி முடித்ததும் உடனே எடுக்கமாட்டார். கவிழ்த்தபடியே பிடித்திருப்பார், ஒட்டியிருந்தது சொட்டுச் சொட்டாக இறங்கும்வரை. "சம்பங்கி, நீ கவுத்துப் புடிக்கிற நேரத்துல நான் இன்னொரு கடையே தொறந்துடுவேன்யா" என்று முதலாளி ராஜேந்திரன் கேலி செய்வார். "அதுவும் அவங்களுதுதானே மொதலாளி" என்பார் இவர்.

ஒரே மகள் ரூபா. படித்து, பெங்களூரில் வேலைக்குப் போய், அங்கேயே கல்யாணம் கட்டிக்கொண்டாள். கடையில் சில்லறை எண்ணெய் நின்று பாக்கெட் வந்தது. சம்பங்கி பாக்கெட் அடுக்குகிற ஆளானார். உள்ளுக்குள் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் சத்தமில்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தன. ஐம்பத்துமூன்றாம் வயதில் ஒருநாள் கால் இரண்டும் பூசணிக்காயாக வீங்கி, மூச்சு விட முடியாமல் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். வாரத்துக்கு இரண்டு தரம் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அப்படித்தான் இனி.

மெஷின் பார்க்கிற டெக்னீஷியன் பெயர் சரத். முல்பாகல் பக்கத்து ஆள், கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். முதல் நாளே இருவரையும் எடை மெஷின் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக் கொடுத்தார்.

"நோடிம்மா, பாருங்க. இவருக்கு ஒண்ணுக்குப் போறது நின்னுபோச்சு. குடிக்கிற தண்ணி வெளியே போகாது. ஒரு லிட்டர் குடிச்சா ஒரு கிலோ ஏறும். ஏறின கிலோ அத்தனையும் தண்ணி. அத மெஷின் உறிஞ்சி எடுக்கணும். ஜாஸ்தி எடுத்தா இதயம் தாங்காது. அதனால நாளைக்கு அரை லிட்டர். அஷ்டே, அவ்ளோதான்."

சம்பங்கி கேட்டுவிட்டுச் சிரித்தார். "எண்ணைக்குத் தொள்ளாயிரத்துப் பத்து. தண்ணிக்கு முழு கிலோவா? அப்ப தண்ணிதான் சார் நேர்மையான சரக்கு."

கடையில் மூலையில் கிடந்த பழைய அரை லிட்டர் தகர அளவையை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தார். தினமும் காலையில் சாமி கும்பிட்டதும் சௌந்தரம் அந்த அளவையில் தண்ணீர் பிடித்து ஒரு பாட்டிலில் ஊற்றுவாள். அவர் பழக்கம் விடாமல், அவள் கையைப் பிடித்து அளவையைக் கவிழ்த்தபடி நிறுத்தி வைப்பார். கடைசிச் சொட்டும் விழ வேண்டும். மாத்திரைக்கும் தாகத்துக்கும் அன்றைக்கு முழுக்க அதுதான்.

முதல் மாதம் எடை ஒழுங்காக இருந்தது. வெயில் காலம் தொடங்கியதும் ஏற ஆரம்பித்தது. இரண்டு கிலோ, இரண்டரை, மூன்று. சரத்தின் முகம் மாறியது.

"சம்பங்கி அவரே, எல்லோ, எங்கேயோ தண்ணி குடிக்கிறீங்க."

"இல்ல சார். அரை லிட்டருதான்."

"மெஷின் சுள்ளு, பொய் சொல்லாது. மூணு கிலோ எங்கேயிருந்து வந்துச்சு? காத்துலேயிருந்தா?"

அதை எடுக்கும்போது அவருக்குக் கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டு இழுக்கும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சௌந்தரத்துக்கு அந்த முனகல் கேட்கும். மாரியம்மா, மாரியம்மா என்று விரலை மடக்கிக்கொண்டிருப்பாள். கண்ணீரோடு கூடவே கோபமும் வரும். நான் சொட்டு எண்ணி ஊற்றுகிறேன், இந்த மனுஷன் எங்கோ போய்க் குடித்துவிட்டு வருகிறாரே.

அவள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. வீட்டுச் சாப்பாட்டைத்தான் அவள் சல்லடை போட்டுச் சலித்திருந்தாளே. ரசம் நிறுத்தியாயிற்று. மோர், காப்பி, கஞ்சி எல்லாம் நிறுத்தியாயிற்று. சோறுகூட ஒரு பிடிதான், வடித்தாலும் பருக்கையில் ஈரம் நிற்கிறது என்று. வெயில் தொடங்கினதிலிருந்து அதற்குப் பதில் இரண்டு வேளையும் களி. கேழ்வரகு மாவைக் கெட்டியாகக் கிண்டி, ஈரக் கையால் உருட்டி, பந்து மாதிரி தட்டில் வைப்பாள். துளி சிந்தாது, கசியாது, கையில் எடுத்தால் கல். தண்ணீர்தான் தர முடியவில்லை, வயிறாவது நிறையட்டும் என்று அவர் உருண்டையை மட்டும் பெரிதாகப் பிடிப்பாள். சுரங்கத்துக்குப் போன அவள் அப்பா, தாத்தா எல்லாரும் அந்த உருண்டையை விழுங்கிவிட்டுத்தான் கேஜ் என்கிற கூண்டில் இறங்கினார்கள். அதைவிடக் காய்ந்த சாப்பாடு அவளுக்குத் தெரியாது.

ஆகவே திருட்டு வெளியில்தான் நடக்கிறது. ஒருநாள் அவர் தூங்கும்போது சௌந்தரம் லைன் முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

"எங்கூட்டுக்காரர் வந்து கேட்டா தண்ணி குடுக்காதீங்க. கையெடுத்துக் கும்பிடறேன். அது தண்ணியில்ல, வெஷம்."

எதிர் வீட்டுப் பாப்பம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது. "அடியே, மத்தவங்க ஊட்ல புருஷன் சாராயம் குடிக்கிறான்னு சொல்லுவாங்க. நீ தண்ணி குடிக்கிறான்னு சொல்றியே, உன்னாட்டம் குடுத்து வச்சவ யாருடி!" என்று சிரித்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். "சரி சரி, அழுவாத. எம் பானைக்கு மூடி போட்டு மேல கல்லு வெக்கிறேன்."

மறுநாளிலிருந்து சம்பங்கி சாயங்காலம் காலாற நடந்தால், அவர் வருவதைப் பார்த்து வாசலில் இருந்த குடங்கள் உள்ளே போயின. குழாயடியில் பேசிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தி, வாளியைக் காலுக்குப் பின்னால் தள்ளினார்கள். அவர் ஒரு வாரம் நடந்து பார்த்தார். பிறகு வாசற்படியைத் தாண்டவில்லை. யார் சொல்லி நடந்தது என்று மனைவியிடம் கேட்கவும் இல்லை.

அடுப்பங்கரையில் ஒரு மணையைப் போட்டு, அவள் சமைப்பதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதுதான் அதற்குப் பிறகு அவர் பொழுது. ஒருநாள் காலை அவள் களிச் சட்டியில் தண்ணீர் ஊற்றும்போது, ஏதோ சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார்.

"இன்னா பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. சோறு போடேன் இன்னிக்கு. களி வேணாம்."

"சோத்துல தண்ணி இருக்குது. களிதான் கெட்டி. பேசாம உக்காருங்க."

அன்றிலிருந்து உருண்டையில் பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்திருக்க ஆரம்பித்தார். பசியில்லை என்பார். வெளியே தண்ணீர் குடித்து வயிற்றை ரொப்பினால் பசி எப்படி எடுக்கும் என்று அவள் நினைத்துக்கொள்வாள். "ஒடம்பு துரும்பாப் போச்சு, துண்ணுங்க" என்று மீதியைப் பிட்டுப் பிட்டு அவளே வாயில் ஊட்டுவாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே மென்று விழுங்குவார்.

ஆடி வந்தது. மாரியம்மன் கோயிலில் கூழ் வார்த்தார்கள். பெரிய அண்டாவில் கேழ்வரகுக் கூழ், வெங்காயம், மோர். வெயிலில் லைனே திரண்டு நின்றது. சம்பங்கியும் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி வந்தார். அவர் நாக்கு காய்ந்து மரப்பட்டையாக இருந்தது. ஊற்றுகிறவர் தெரியாமல் அவர் கையிலும் ஒரு சொம்பு கூழைக் கொடுத்துவிட்டார். அவர் அதை முகத்துக்கு நேரே தூக்கி, வாசனை பிடித்து, கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவ்வளவுதான். சௌந்தரம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து சொம்பைப் பறித்தாள். பாதி அவர் வேட்டியில் கொட்டியது.

"ஆத்தா சன்னிதியிலயே குடிக்கப் பாக்கறீங்களா?"

"குடிக்கலமே. கண்ணுல ஒத்திக்கினேன்."

"அப்ப இந்தக் கற்பூரத்த அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க. வெளிய ஒரு வாய் தண்ணி குடிச்சதில்லன்னு ஆத்தா மேல ஆணையா சொல்லுங்க. நான் நம்பறேன். அதுக்கப்புறம் இந்த எடை எங்கேர்ந்து ஏறுதுன்னு நான் வேற எடத்துல தேடறேன்."

பூசாரி தட்டோடு நின்றார். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. பாப்பம்மாவும் இன்னும் பத்துப் பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சம்பங்கி கையைத் தூக்கினார். தீக்குப் பக்கம் கொண்டுபோனார். பிறகு இறக்கிக்கொண்டார்.

"ஆமாமே, குடிச்சேன்" என்றார். "தாகம் தாங்கல. வேற எங்கயும் தேடாத."

கூட்டம் உச்சுக்கொட்டியது. சௌந்தரத்துக்கு அவமானம் ஒரு பக்கம், நிம்மதி ஒரு பக்கம். திருடன் பிடிபட்டான் என்கிற நிம்மதி. வீட்டுக்கு வந்து கூழுக்குப் பதிலாக அதே கேழ்வரகு மாவில், ஆத்தாளுக்குப் படைத்து, பெரிதாக ஒரு களி கிண்டி அவருக்குப் போட்டாள். அவர் முழு உருண்டையையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

ஆண்டவன் ஏன் அப்போது அவள் கண்ணைத் திறக்கவில்லை என்று கேட்க நமக்கு உரிமையில்லை.

ஆடி முடிவதற்குள் ஒரு காலை. ராத்திரி முழுக்கப் படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தார். பஸ்ஸில் இரண்டு இடத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. ஆஸ்பத்திரியில் செருப்பைக் கழற்றி எடை மெஷின்மேல் ஏறினார். நாலு கிலோ கூட.

சரத் இந்தத் தரம் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அவரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, சௌந்தரத்தைத் தனியாகக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போனார்.

"அம்மா, நாலு கிலோ எடுக்கணும். அவர் இதயம் இருக்கிற இருப்புக்கு... டாக்டர் பாக்கிறேன்னாரு. ஆனா எடுக்காம விட்டாலும் நுரையீரல்ல தண்ணி. நேத்து இன்னா சாப்டாரு?"

"களிதான் சார். ரெண்டு வேளையும் களிதான் போடறேன். தண்ணியே இல்லாத சாப்பாடு."

"களின்னா எங்க ராகி முத்தெயா? எப்படிம்மா பண்ணுவீங்க? எங்க ஊட்ல அம்மாதான் பண்ணுவாங்க, நான் பாத்ததில்ல."

"அது ஒண்ணுமில்ல சார். ஒரு டம்ளர் மாவுன்னா ரெண்டு டம்ளர் தண்ணிய சட்டியில கொதிக்க வெச்சு..."

அவள் நிறுத்தினாள்.

நடைபாதையில் யாரோ ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு போனார்கள். ரெண்டு டம்ளர். காலையில் ரெண்டு, ராத்திரி ரெண்டு. கொதித்தது, சுண்டியது, மாவு குடித்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் எங்கே போயிருக்கும்? அத்தனையும் அந்த உருண்டைக்குள் இருந்தது. அதை அவள் கையால் உருட்டி, அவள் கையால் ஊட்டினாள்.

"உங்களுக்குத் தெரியாதும்மா" என்றார் சரத். "கேக்காம விட்டது நாங்கதான்."

அவள் காதில் அது விழவில்லை. பெஞ்சுக்கு நடந்து வந்தாள். சம்பங்கி சுவரில் தலையைச் சாய்த்து, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"நீங்க வெளிய தண்ணி குடிச்சீங்களா?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். தெரிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டார்.

"இல்லமே."

"களியில இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியும்."

"ஒருநாள் நீ சட்டியில ஊத்தறதப் பாத்தேன். நான் எண்ணக் கடைக்காரன்தானே. ஊத்தறது எங்கயும் போவாதுன்னு தெரியாதா?"

"அப்ப ஏன்... ஏன் ஆத்தா முன்னாடி குடிச்சேன்னு சொன்னீங்க? ஏன் வேணாம்னு தட்டத் தள்ளல? எம் மூஞ்சியில வீசியிருக்கலாமே!"

அவருக்குப் பேச நேரம் பிடித்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு தேட வேண்டியிருந்தது.

"பாதி வெச்சுப் பாத்தேன். நீ ஊட்டினே. சொல்லிடலாம்னுதான் இருந்தேன். லைன்ல அத்தினி பேரு முன்னால நீ சத்தியம் கேட்டப்ப, நான் பண்ணியிருந்தா உங் கைதான் காரணம்னு அங்கயே ஆயிருக்கும். அப்புறம் நீ எனக்கு எப்படி சோறு போடுவே? அந்தக் கை அதோட நின்னுபூடும்."

"உசுரு பெருசா, எங் கை பெருசா?"

அவள் அவர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வீங்கிய கால். நெற்றி பட்ட இடத்தில் குழி விழுந்து, அப்படியே நின்றது. தண்ணீர். அவள் ஊற்றிய தண்ணீர்.

சரத் சக்கர நாற்காலி கொண்டு வந்தார். கூட வருகிறவர்கள் மெஷின் அறைக்குள் போகக்கூடாது. அன்று உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. பாதி எடுப்பதற்குள் இதயம் நின்றுவிட்டது. எவ்வளவோ பார்த்தார்கள். சரத்தான் வெளியே வந்து சொன்னார். சொல்லிவிட்டு அவரும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். எடை மெஷின் பக்கத்தில் சம்பங்கி கழற்றிவிட்ட செருப்பைச் சௌந்தரம் மடியில் வைத்துக்கொண்டு ரூபா பெங்களூரிலிருந்து வந்து சேரும்வரை எழுந்திருக்கவில்லை. மகள் வந்து கட்டிக்கொண்டு அழுதபோதும், "ரெண்டு டம்ளர்டி, ரெண்டு டம்ளர்" என்பதைத் தவிர அவள் வாயில் ஒன்றும் வரவில்லை.

இப்போது அவள் தனியாகத்தான் இருக்கிறாள். ரூபா கூப்பிட்டும் போகவில்லை. அந்தத் தகர அளவை சாமிப் படத்துக்குக் கீழே கவிழ்ந்தபடி இருக்கிறது. கேழ்வரகு மாவை வீட்டுக்குள் விடுவதில்லை. பாப்பம்மா எத்தனையோ தரம் களி கிண்டிக் கொண்டுவந்து பார்த்தாள். சௌந்தரத்துக்குச் சின்ன வயதிலிருந்து களி என்றால் உயிர். தொடவில்லை.

தொடச் சொன்னவர் அவர்தான். அன்று மெஷின் அறைக் கதவுக்குப் பக்கத்தில் சரத் நாற்காலியை ஒரு நிமிஷம் நிறுத்தினார். சம்பங்கி திரும்பிப் பார்த்தார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, எப்போதும் போல மெதுவாகத்தான் சொன்னார்.

"ஏமே, ராத்திரிக்கு உனக்கு ஒரு உருண்ட கிண்டிக்கோ. என்னெ வெச்சுக்கினு துண்ண ஒனக்கு எறங்காது. நான் அந்தாண்ட திரும்பி உக்காந்துக்கறேன். நீ துண்ணு."